பிரஷ் படாத இடத்தில் என்ன நடக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 44. இரண்டு ஆண்டுகளாகப் பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது. கீழ்வரிசையில் இரண்டு பற்கள் லேசாக ஆடுகின்றன. பரிசோதித்த பல் டாக்டர், “ஈறு நோய். எலும்பு குறைந்திருக்கிறது. கிருமி செய்ததைவிட உங்கள் எதிர்ப்பு சக்தி செய்ததுதான் அதிகம்” என்றார். வெளியே கூட்டம் காத்திருந்ததால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை. எதிர்ப்பு சக்தி நம்மைக் காப்பதல்லவா? ஓராண்டாக அதைக் கூட்டும் என்று சொல்லப்படும் மாத்திரைகளைச் சாப்பிட்டு வருகிறேன். அதுவே வினையாகிவிட்டதா? என் அண்ணன் நினைத்தால்தான் பல் துலக்குவார். அவருக்கு ஒரு பல்கூட ஆடவில்லை. நான் தினமும் இரண்டு வேளை துலக்குகிறேன். ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுக் கிருமியை ஒழித்துவிட முடியாதா? என் மகளுக்கு 19 வயது. அவளுக்கும் இது வருமா? இப்போதைக்கு, ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது. ரத்தம் வரும் இடத்தைப் பிரஷ் படாமல் காத்துவருகிறீர்கள். இன்று இரவே அங்கே பிரஷ்ஷை வையுங்கள். மென்மையான நார்கள் கொண்ட பிரஷ்ஷாக இருக்கட்டும். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சற்றுச் சாய்த்து, அழுத்தாமல், சிறுசிறு அசைவாகத் துலக்குங்கள். ரத்தம் வரும், வரட்டும். ஈறுகளுக்குள் இடுக்கு ஆழமாகிவிட்டிருந்தால் பிரஷ்ஷால் மட்டும் அது நிற்காது. ஆனால் பிரஷ் படாமல் விட்டால் நிற்கவே நிற்காது. ஏன் என்பதற்கான பதிலில் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் பாதி பதில் இருக்கிறது.

உங்கள் டாக்டர் சொன்னது சரி. ஆனால் கதவுக்கு வெளியே கூட்டம் நிற்கும்போது சொல்லப்பட்ட பாதி வாக்கியம் அது. மீதியைக் கேட்காமல் வீடு திரும்பினால் ‘என் உடம்பே எனக்கு எதிரி’ என்றுதான் தோன்றும். நான் அந்த வாக்கியத்தை நோயாளிகளிடம் சொல்வதென்றால், எந்த இடத்தில் இது நடக்கிறது என்பதைக் காட்டிவிட்டுத்தான் சொல்வேன்.

உடம்பு முழுவதையும் தோலோ சளிப்படலமோ இடைவெளியின்றிப் போர்த்தியிருக்கிறது. நகமும் முடியும் தோலிலிருந்து முளைப்பவை. தோலைத் துளைத்துக்கொண்டு வருபவை அல்ல. பல் மட்டும்தான் உள்ளே எலும்பில் ஊன்றிக்கொண்டு, மேல் திசுவைக் கிழித்து வெளியே தலை நீட்டுகிறது. அந்தக் கிழிசலை அடைப்பது பல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய திசு. சில செல்களே தடிமன், நெருக்கமில்லாத நெசவு. அதன் வழியாக நீர் கசியும், செல்கள் போகும் வரும். வேண்டுமென்றே ஓட்டையாக வைக்கப்பட்ட வேலி என்றுகூடச் சொல்லலாம்.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. தோலில் கிருமி ஒட்டினால் தோல் உதிரும்போது கிருமியும் உதிரும். கன்னத்தின் உட்புறமும் அப்படியே. பல் உதிராது. துலக்கி முடித்த சில நிமிடங்களிலேயே எச்சிலில் உள்ள புரதங்கள் அதன்மேல் ஒரு மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அந்தப் பூச்சில் முதல் பாக்டீரியாக்கள் ஒட்டுகின்றன, அவற்றின்மேல் அடுத்தவை ஒட்டுகின்றன, எல்லாமாகச் சேர்ந்து பசைபோன்ற ஒரு கூழைச் சுரந்து அதற்குள் குடியேறிவிடுகின்றன. பல் படலம், பிளேக் என்றெல்லாம் சொல்வது இதைத்தான். இறுகிக் கல்லானால் காரை.

ஆக, வேலி பலவீனமாக உள்ள ஒரே இடத்தில், உதிராத சுவரின்மேல், கிருமிகள் நிரந்தரமாகக் குடியிருக்கின்றன. இந்த நிலையில் உடம்பு என்ன செய்யும்? காவலை ஓயாமல் நிறுத்திவைக்கும். நோயே இல்லாத ஈறுகளில்கூட ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் அந்த இடுக்கின் வழியாக வாய்க்குள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. 1970 வாக்கில் எண்ணிப் பார்த்தவர்கள் சொன்ன கணக்கு, நிமிடத்துக்குச் சுமார் 30,000. இந்தக் கடிதத்தை இதுவரை படித்த நேரத்தில் உங்கள் வாய்க்குள் எத்தனை இறங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அவை யாவும் அங்கேயே மடிகின்றன. இதுதான் உங்கள் எதிர்ப்பு சக்தியின் அன்றாட வேலை. நீங்கள் பிறந்து முதல் பல் முளைத்த நாளிலிருந்து, ஒரு நாள் விடுமுறையில்லாமல்.

படலத்தை அகற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹாரல்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியமான ஈறுகள் கொண்ட 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். வேறு யார் சம்மதிப்பார்கள்? 10 முதல் 21 நாட்களுக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறுகள் சிவந்து வீங்கின. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் எல்லோரும் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். பல் மருத்துவத்தில் இவ்வளவு சுத்தமான விடை தந்த சோதனைகள் குறைவு. ஈறு அழற்சி எவருக்கும் வரும், முழுதும் மீளும் என்பதை அது காட்டியது.

அந்தச் சில நாட்களில் ஈறுகளுக்குள் நடப்பது இது. இடுக்கின் உட்சுவரில் உள்ள செல்களுக்குக் கிருமியை இனம் காணும் ஏற்பிகள் உண்டு. பாக்டீரியாவின் மேலுறையிலுள்ள கொழுப்புச் சர்க்கரைப் பொருளோ வேறு துண்டுகளோ அந்த ஏற்பிகளில் பட்டதும் அவை அபாய அறிவிப்பாகச் சில புரதங்களைச் சுரக்கின்றன. அருகிலுள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிகின்றன, சிவப்பு அதனால். குழாய்ச் சுவர் தளர்ந்து நீர் கசிகிறது, வீக்கம் அதனால். இடுக்கின் உட்சுவர் மெலிந்து ஆங்காங்கே புண்ணாகிறது. விரிந்த குழாய்களுக்கும் வெளியுலகுக்கும் நடுவே தடுப்பே இல்லாத நிலையில், எது தொட்டாலும் ரத்தம்தான். உங்களுக்கு ரத்தம் வருவது பிரஷ் குத்தியதால் என்று நினைத்தீர்கள். அந்த இடத்தில் படலம் பல நாளாக உட்கார்ந்திருப்பதால் வருகிறது. அதைத் தொடாமல் விடுவது, புகை வருகிறதென்று அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டு வருவதைப் போன்றது.

இனி உங்கள் டாக்டர் சொன்ன அந்தப் பாதி வாக்கியத்துக்கு வருவோம்.

அழைப்புக் கேட்டு வந்த நியூட்ரோஃபில்கள் படலத்துக்கும் திசுவுக்கும் நடுவே சுவர்போல வரிசையாக நின்றுகொள்கின்றன. தனியே அலையும் ஒரு பாக்டீரியா கிடைத்தால் விழுங்கிச் செரித்துவிடும். ஆனால் எதிரே இருப்பது பல்லோடு ஒட்டிய, கூழுக்குள் புதைந்த முழுக் குடியிருப்பு. விழுங்க முடியாத அளவு பெரிது. விழுங்க முடியாத நியூட்ரோஃபில் தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் நொதிகளையும் ஆக்சிஜன் வேதிப்பொருள்களையும் வெளியே கொட்டுகிறது. அவை கிருமியின்மேலும் படுகின்றன, பக்கத்துத் திசுவின்மேலும் படுகின்றன. ஈறுகளையும் பல்லையும் எலும்போடு பிணைக்கும் கொலாஜன் நார்களை வெட்டும் நொதிகளில் பெரும்பங்கு இப்படி நம் சொந்தச் செல்களிலிருந்து வருபவைதான். பிணைப்பு அறுந்த இடத்தில் இடுக்கு ஆழமாகிறது. ஆழமான இடுக்கில் காற்று குறைவு, பிரஷ் எட்டாது. அங்கே குடியேறும் கிருமிகளோ இன்னும் பொல்லாதவை.

வாரங்கள் கடந்தால் இரண்டாம் வரிசைப் படை வருகிறது. இவை ‘டி’ செல்களும் ‘பி’ செல்களும்; எதிரியை அடையாளம் வைத்துப் போரிடுபவை. ‘பி’ செல்கள் எதிர்ப்பொருள்களை உற்பத்தி செய்கின்றன. ஈறு நோயாளிகள் பலரின் ரத்தத்தில் இந்தக் கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் குறைவாக அல்ல, தாராளமாகவே இருக்கின்றன. இருந்தும் நோய் போவதில்லை, கிருமிகளின் குடியிருப்பு உடம்புக்கு வெளியே பல்லின் மேற்பரப்பில் இருப்பதால். இதே செல்கள் ‘ராங்க்-எல்’ என்ற புரதத்தையும் வெளியிடுகின்றன. எலும்பைக் கரைக்கும் செல்கள் முதிர்ந்து வேலையைத் தொடங்குவதற்கான உத்தரவு அது. சாதாரணமாக எலும்பைக் கட்டும் செல்களும் கரைக்கும் செல்களும் ஒன்றுக்கொன்று கணக்கு வைத்து வேலை செய்கின்றன. நாள்பட்ட அழற்சியில் கரைக்கும் பக்கம் தராசு சாய்ந்துவிடுகிறது. உங்கள் எக்ஸ்ரேயில் டாக்டர் பார்த்தது இந்தச் சாய்வின் மொத்த விளைவைத்தான். (எலும்பு மெலிவுக்காகச் சிலருக்குத் தரப்படும் டெனோசுமாப் ஊசி இதே புரதத்தைப் பிடித்து நிறுத்துவதுதான். ஈறு நோய்க்கு அது மருந்தல்ல. அதைப் போட்டுக்கொள்பவர்கள் பல் பிடுங்குவதற்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தாடை எலும்பு ஆறுவதில் சிக்கல் வரலாம்.)

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை என்று இதைச் சொல்வார்கள். மாணவப் பருவத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. நோயாளிகளின் எக்ஸ்ரேக்களை வரிசையாகப் பார்த்தால் வேறொன்று தெரியும். எலும்பு கிருமிப் படலத்தைத் தொடுவதே இல்லை. படலம் ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கினால் எலும்பும் அதற்கேற்ப இறங்கி, நடுவில் ஒரு சிறு இடைவெளியை விடாமல் வைத்துக்கொள்கிறது. அந்த இடைவெளி முழுக்க வெள்ளை அணுக்கள். வாயில் இத்தனை கோடிக் கிருமிகள் இருந்தும் ஈறு நோயால் தாடை எலும்புக்குள்ளேயே சீழ் பிடிப்பது மிக அரிது. உடம்பு எலும்பைப் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றுகிறது, விலையாகப் பல்லைக் கொடுக்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அந்தப் பல்லை வைத்துச் சாப்பிட வேண்டிய நமக்கு அந்த வியாபாரம் பிடிக்காது. அது வேறு விஷயம்.

கிருமிகள் இதில் அப்பாவிகளா என்றால், இல்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பதற்கு ஈறுகளைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஆழமான இடுக்குகளில் காணப்படும் போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ் என்ற பாக்டீரியாவுக்குச் சர்க்கரை வேண்டாம். உடைந்த புரதத் துண்டுகளும், ரத்தத்தின் சிவப்புப் பொருளிலுள்ள இரும்பும்தான் அதன் இரை. இரண்டையும் கொண்டுவந்து கொட்டுவது எது? அழற்சிதான். ஆகவே அழற்சி நின்றுபோவது அதற்கு நஷ்டம். தன் நொதிகளால் ரத்தத்திலுள்ள ஒரு காப்புப் புரதத்தை வெட்டி, நியூட்ரோஃபில்களுக்கு ஒரே நேரத்தில் இரண்டு செய்திகள் போகும்படி செய்கிறது: கொதித்துக்கொண்டே இரு, ஆனால் கொல்லாதே. உடம்பின் சொந்த அறிவிப்பு முறையைத் திருடிப் பயன்படுத்தும் இந்தச் சாமர்த்தியத்தைப் படித்தபோது எனக்கு எரிச்சலும் மரியாதையும் ஒருசேர வந்தன.

2011இல் வெளியான ஓர் எலிச் சோதனையில், வாயிலிருந்த மொத்தப் பாக்டீரியாக்களில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இது இருந்தபோதே எலும்பு கரைந்தது. கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் இதை மட்டும் தனியே விட்டபோது ஒன்றும் ஆகவில்லை. தனியாக அது எதையும் சாதிப்பதில்லை. இருக்கும் கூட்டத்தைக் கெடுத்து, கூட்டத்தையும் காவலையும் மோதவிட்டு, நடுவில் பிழைக்கிறது. ‘எந்தக் கிருமி?’ என்று கேட்டு ஒரு பெயரைப் பிடித்து அடித்துவிட முடியாததற்கு இதுவே காரணம்.

உங்கள் ஆன்டிபயாட்டிக் கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. தனித்து மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் அளவு மருந்து, கூழுக்குள் குடியிருக்கும் அதே பாக்டீரியாவை அசைப்பதில்லை. பல மடங்கு தேவைப்படும். மாத்திரையால் ஒரு வாரம் ரத்தம் குறையலாம், மனம் நிம்மதியடையலாம். காரை அங்கேயே இருக்கும், படலம் திரும்ப வளரும். இம்முறை மருந்துக்குப் பழகியவை அதில் அதிகமாக இருக்கும். இளம் வயதிலேயே வேகமாகப் பரவும் நோய் போன்ற சில நிலைகளில், ஆழச் சுத்தம் செய்வதோடு சேர்த்து ஆன்டிபயாட்டிக் தருகிறோம். சுத்தத்துக்குப் பதிலாக ஒருபோதும் இல்லை. டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 20 மில்லிகிராம் என்ற மிகச் சிறிய அளவில் தருவதும் உண்டு. அந்த அளவு எந்தப் பாக்டீரியாவையும் கொல்லாது. நம் செல்கள் கொட்டும் கொலாஜன் வெட்டும் நொதியை மட்டும் அடக்கும். கிருமிக்கொல்லி ஒன்றைக் கிருமிக்காக இல்லாமல் நம் சொந்தக் காவலுக்காகத் தருகிறோம் என்பது விந்தைதான். டாக்டர் பார்த்துத் தர வேண்டியது அது. கடையில் கேட்டு வாங்க வேண்டியதல்ல.

இனி அந்த எதிர்ப்பு சக்தி மாத்திரைகள். அவற்றால் உங்கள் எலும்பு கரையவில்லை. அந்தக் குற்ற உணர்வை விட்டுவிடுங்கள். ஆனால் அவை உங்கள் ஈறுகளுக்கு எதுவும் செய்யவும் இல்லை. வைட்டமின் சி கடுமையாகக் குறைந்து ஈறுகளில் ரத்தம் வடியும் ஸ்கர்வி என்ற நோய் வேறு. அது கொலாஜன் கட்ட முடியாமல் போவதால் வருவது. அந்தக் குறை இல்லாதவர் மேலும் மேலும் சாப்பிடுவதால் ஈறு இறுகிவிடாது.

எதிர்ப்பு சக்தி என்பதை, கூட்டவும் குறைக்கவும் கூடிய ஒரே திருகு என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது. அரிய பிறவி நோய்கள் இரண்டு இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1924இல் பாப்பியோன், லெஃபெவ்ர் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் விவரித்த நோயில் நியூட்ரோஃபில்களின் சில ஆயுதங்கள் முனை மழுங்கியே பிறக்கின்றன. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்திருக்கும் அந்தக் குழந்தைகள் பால் பற்களையும், பின்னர் முளைக்கும் நிரந்தரப் பற்களையும் ஈறு நோய்க்கே பறிகொடுக்கிறார்கள். சரி, காவல் குறைந்தால் நோய் கூடும் என்று இதிலிருந்து முடிவு கட்டலாம்.

அடுத்ததைக் கேளுங்கள். இன்னொரு பிறவிக் குறைபாட்டில், நியூட்ரோஃபில்களால் ரத்தக்குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு வெளியேறவே முடியாது. ஈறுகளுக்குள் அவை வந்து சேருவதே இல்லை. இங்கேயும் கடுமையான எலும்பு இழப்பு. காவல் இல்லாததால் கிருமிகள் அழித்துவிட்டன என்றுதான் நெடுங்காலம் நம்பினோம். பிறகு தெரியவந்தது வேறு. நியூட்ரோஃபில்கள் திசுவுக்குள் வந்து வேலை முடித்து மடியும்போது, ‘போதும்’ என்ற செய்தியும் அவற்றோடுதான் வருகிறது. அவை வராததால் ‘இன்னும் ஆள் அனுப்பு’ என்ற இன்டர்லூக்கின் 17 என்ற புரதத்தின் கூச்சல் அடங்குவதே இல்லை. எலும்பைக் கரைப்பது அந்தக் கூச்சல்தான். 2017இல் இந்தக் குறைபாடுள்ள ஒரு நோயாளிக்கு, அந்தக் கூச்சலின் தொடக்கத்தை அடைக்கும் உஸ்டெகினுமாப் என்ற தோல் நோய் மருந்தைக் கொடுத்தபோது ஈறு அழற்சி அடங்கியது. எதிர்ப்புக் குறைபாட்டுக்கு எதிர்ப்பை அடக்கும் மருந்து! உங்களுக்கு இந்த மருந்து தேவை என்று சொல்லவில்லை. இதில் ஆபத்துகள் உண்டு, அரிய நோய்க்கானது அது. நியூட்ரோஃபில் கொஞ்சமும் இல்லாவிட்டாலும் எலும்பு போகும், ஓயாமல் குவிந்தாலும் போகும் என்பதை இதைவிட நன்றாக எனக்கு விளக்கத் தெரியாது. கூடுதல், குறைவு என்ற பேச்சை விட்டுவிட்டு, ‘வந்த வேலை முடிந்து திரும்பிப் போக முடிகிறதா?’ என்று கேட்க வேண்டும். படலம் பல்லில் இருக்கும்வரை வேலை முடியாது. வேலையை முடித்துக் கொடுப்பது கையும் கருவியும்தான், மாத்திரை அல்ல.

வலி மாத்திரையால் அழற்சியை அடக்கலாமே என்று அடுத்துத் தோன்றும். அந்த வகை மருந்துகள் எலும்பு இழப்பைக் கொஞ்சம் தாமதப்படுத்துவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டால் வயிறும் சிறுநீரகமும் தாங்காது. அந்தக் கதவை மூடிவிடலாம்.

அண்ணன் விஷயம். பொறாமை நியாயமானதுதான். 1970 முதல் 15 ஆண்டுகள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களை, முன்னர் சொன்ன அதே லோவின் குழுவினர் தொடர்ந்து கவனித்தார்கள். பல் துலக்கும் வழக்கமோ பல் வைத்தியமோ ஏறக்குறைய இல்லாதவர்கள். எல்லோர் பல்லிலும் படலமும் காரையும் ஏராளம். 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாகப் பரவியது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக. 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை. அழுக்கு ஒன்றே, முடிவு மூன்று. (பிரச்சினை இருப்பது தெரிந்தும் அவர்களுக்குச் சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்தது சரியா என்ற கேள்வி எனக்கு எப்போதும் உண்டு. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதற்கு அனுமதி தராது.) இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகள், பெரியவர்களின் ஈறு நோயில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பரம்பரை சார்ந்தது என்கின்றன. உடன்பிறந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சீட்டு விழுவதில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் அண்ணன் புகைப்பவரா? புகையிலை ஈறுகளின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்கி, ரத்தக் கசிவை மறைத்துவிடும். வெளியே ஈறு வெளிறி, இறுக்கமாக, நன்றாகவே தெரியும். உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும். பல் ஆடுவது நோயின் கடைசிக் கட்டங்களில்தான். ஆடவில்லை என்பது நற்சான்றிதழ் ஆகாது. அவரும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளட்டும்.

உங்களிடம் கேட்க வேண்டியது சர்க்கரை பற்றி. கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது நியூட்ரோஃபில்கள் மந்தமாகின்றன, அழற்சியோ கூடுகிறது, ஆறுவதும் தாமதம். 44 வயதில், கவனமாகத் துலக்கியும் பல் ஆடுகிறது என்றால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைச் செய்துகொள்ளச் சொல்வேன். 2018 முதல் நாங்கள் பயன்படுத்தும் வகைப்பாட்டில் நோயின் அளவை நான்கு நிலைகளாகவும் அது பரவும் வேகத்தை ஏ, பி, சி என்றும் குறிக்கிறோம். ஹெச்பிஏ1சி 7 அல்லது அதற்கு மேல் இருந்தாலே, நாளைக்குப் பத்து சிகரெட் அல்லது அதற்கு மேல் புகைத்தாலே, வேகத்தில் ‘சி’ என்று வைத்துவிடுகிறோம். மறுபக்கமும் உண்டு: சர்க்கரை நோயாளிகளின் ஈறுகளுக்குச் சிகிச்சை அளித்தால், மூன்று நான்கு மாதங்களில் ஹெச்பிஏ1சி சராசரியாக 0.4 புள்ளி அளவுக்குக் குறைவதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. அடுத்த முறை போகும்போது உங்கள் நோய் எந்த நிலை, எந்த வேகம் என்று டாக்டரிடம் கேளுங்கள். இரண்டே சொற்களில் பதில் வரும். கூட்டம் காத்திருந்தாலும் அதற்கு நேரம் இருக்கும்.

சிகிச்சை என்று வரும்போது, ஈறுகளுக்குக் கீழே வேர்வரை காரையையும் படலத்தையும் அகற்றுவதுதான் அடிப்படை. இரண்டு மூன்று அமர்வுகள் ஆகலாம். மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வதால் வலியைப் பற்றிக் கவலை வேண்டாம். செய்து முடித்த சில வாரங்களில் நியூட்ரோஃபில் கூட்டம் கலையும், வீக்கம் வடியும், ஈறு மறுபடி பல்லோடு ஒட்டும். வீக்கம் வடிந்ததும் ஈறு கீழே இறங்கி, பல் நீளமாகவும் பல்லிடையில் இடைவெளி விழுந்ததுபோலவும் தெரியும். குளிர்ச்சி பட்டால் கூசும். ‘சுத்தம் செய்ததால் பல் கெட்டுப்போனது’ என்ற வதந்தி பிறப்பது இங்கேதான். அந்த இடைவெளியைப் போட்டது நோய். வீக்கமும் காரையும் அதை மறைத்துக்கொண்டிருந்தன. லேசாக ஆடும் பற்கள் பல நேரங்களில் இறுகும். போன எலும்பு பெரும்பாலும் திரும்பாது. சில வடிவப் பள்ளங்களில் அறுவை சிகிச்சை மூலம் ஓரளவு மீட்கலாம். அதை டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சிகிச்சை முடிந்து சுமார் மூன்று மாதம் கழித்து இடுக்குகளை மறுபடி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் இயல்பு. 4க்கு மேல் நின்று, ரத்தமும் வந்தால் அங்கே வேலை மிச்சமிருக்கிறது. அதன் பிறகும் மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை போக வேண்டும். ‘ஒருமுறை குணமாகிவிட்டதே’ என்று விட்டவர்களைத்தான் நான் ஐந்தாறு ஆண்டு கழித்து மறுபடி பார்க்கிறேன். பிரஷ் எட்டாத பல்லிடைகளுக்குச் சின்னஞ்சிறு பல்லிடை பிரஷ்களை நாளுக்கு ஒருமுறை பயன்படுத்துங்கள். எந்த அளவு பொருந்தும் என்பதை டாக்டரே காட்டித் தரட்டும். இரண்டு வேளை துலக்குகிறேன் என்றீர்கள், நம்புகிறேன். கீழ்முன் பற்களின் நாக்குப் பக்கத்தில் எத்தனை விநாடி பிரஷ் நிற்கிறது என்பதை மட்டும் நாளைக்குக் கண்ணாடியில் பாருங்கள். எச்சில் சுரப்பியின் குழாய் திறக்கும் இடத்துக்கு அருகில் இருப்பதால் காரை விரைவில் சேருவது அங்கேதான்.

மகளுக்கு இது வந்தே தீரும் என்று சொல்ல முடியாது. உங்களைவிடச் சற்று முன்னெச்சரிக்கை அவளுக்கு வேண்டும் என்று சொல்லலாம். 19 வயதில் எலும்பு இழப்பு தொடங்கியிருந்தால், அது வேகமான வகையாக இருக்கக்கூடும். பிளேக் அதிகம் கண்ணுக்குத் தெரியாமல்கூட வரும், முதலில் கடைவாய்ப் பற்களிலும் முன்பற்களிலும். நீங்கள் ஆழச் சுத்தத்துக்குப் போகும் நாளில் அவளையும் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் மெல்லிய அளவுகோலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கால் மணி நேரம் ஆகலாம். எண்களை ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அளக்கும்போது ஒப்பிட வேண்டியிருக்கும்.